விருத்தாம்பாள் மிதித்த ஸ்டேடியம்

ஆசியாக் கண்டத்திலேயே, ஏன், ஐரோப்பாவையும் சேர்த்துக்கொண்டாலும், பந்து விளையாடக் கட்டி, படகு விட்டு, கடைசியில் உப்பு வாரிய ஒரே ஸ்டேடியம் மரக்காணத்து விருத்தாம்பாள் காலால் மிதித்த ஸ்டேடியம்தான். தாஜ்மகாலுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டியிருந்தது. இதற்கு விருத்தாம்பாளின் இரண்டு கால் போதுமாயிருந்தது. அந்த மைதானத்தில் ஒரே கோடையில் மூன்று லாரி உப்பு விளைந்தது. அதைப் படம் பிடிக்க அமெரிக்காக்காரன் வானத்தில் ஒரு சாட்டிலைட்டைத் திருப்பினான் என்றும் ஒரு பேச்சு உண்டு. சாட்டிலைட் விஷயம் மட்டும் உறுதியாகத் தெரியாது. மற்றதெல்லாம் நடந்தது.

விருத்தாம்பாளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் நடராசன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன். பொங்கலுக்குப் பொங்கல் வந்து, கறி தின்றுவிட்டு, உடம்பு வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவான். அவள் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவள். மழை முடிந்து தை பிறந்ததும் அளத்துத் தரையைப் புதிதாக்க வேண்டும். களிமண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக நின்று ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு குதிகாலால் மிதிப்பார்கள். மிதித்து, காயவிட்டு, மறுபடி நனைத்து, மறுபடி மிதித்து, மேலே விடுகிற கடல் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கீழே இறங்காதபடி செய்ய வேண்டும். இறங்கினால் உப்பு கிடையாது. மிதிக்கிற பெண்களுக்கு விருத்தாம்பாள்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தொண்டை பெரிசு, அவ்வளவுதான்.

"அக்கா மிதிச்ச தரையில பால ஊத்தி வெச்சா, மறுநா அங்கியே தயிரா அள்ளிக்கலாம்" என்பாள் கூட மிதிக்கிற மேரிசெல்வி.

அப்படிப்பட்ட இடத்தில் குடிக்க ஒரு வாய் தண்ணீர் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர்தான், எல்லாம் உப்பு. ரோட்டோரம் பக்கீர் முஹம்மது பாயின் டீக்கடைப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்துக் குழாய் இருந்தது. அங்கே பிடித்து, பிளாஸ்டிக் குடத்தில் வரப்பு வரப்பாகச் சுமந்து கொண்டுபோக வேண்டும். உச்சி வேளையில் அந்தத் தண்ணீரில் டீத்தூளைப் போட்டால் டீயாகிவிடும். உப்புத் தண்ணீர் குதிகாலை வெடிக்க வைக்கும். வெடிப்பில் மறுபடி உப்பு ஏறும். கழுவ நல்ல தண்ணீர் இருந்தால் எரிச்சல் அடங்கும். குடிக்கவே இல்லை, கழுவ எங்கே போவது?

ஒரு சித்திரை வெயிலில் பொன்னம்மாள் பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். முகத்தில் தெளிக்கத் தண்ணீர் இல்லை. காலடியில் ஏக்கர் கணக்கில் கிடந்ததைத் தெளித்தால் கண் போய்விடும். விருத்தாம்பாள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினாள். பொன்னம்மாள் பிழைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்தது விருத்தாம்பாளுக்கு அந்தப் பைத்தியம்: அளத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டும்.

எந்த ஜீப் வந்தாலும் மறித்தாள். கண் டாக்டர் ஜீப்பைக்கூட மறித்தாள். கடைசியில் தொல்லை தாங்காமல், உப்பளத் தொழிலாளர் நலனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து ஒரு தொட்டி கட்டச் சம்மதம் வந்தது. இரும்பை கிராமத்துச் சூளையிலிருந்து செங்கல் வந்து இறங்கியது. ஒவ்வொரு கல்லிலும் ஒரு மீன் முத்திரை. விருத்தாம்பாள் தினமும் வேலை முடிந்து போகும்போது அந்த அடுக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் டவுனுக்கு ஸ்டேடியம் ஆசை வந்தது.

டவுன்காரர்கள் யாரும் ஸ்டேடியம் கேட்கவில்லை. கேட்டவர் தட்சணாமூர்த்தி. ஸ்டேடியக் கமிட்டிக்குச் செயலாளர் அவர்தான், கட்டுகிற கான்ட்ராக்டரும் அவர்தான். கமிட்டியாக நின்று பணம் கொடுப்பார். உடனே எதிர்ப்பக்கம் போய்க் கான்ட்ராக்டராக நின்று வாங்கிக்கொள்வார். வாங்கியதற்கு நன்றி சொல்லித் தனக்கே ஒரு கும்பிடு போடுவார். அது கவர்னர் ஆட்சி நடந்த எண்பத்தெட்டாம் வருஷம். அடுத்து யார் வருவார்கள் என்று தெரியாததால் அவர் வேட்டியில் கரையே இல்லாமல் இருந்தது. வெள்ளை வெளேர் என்று திரிந்தார்.

ஸ்டேடியத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? இருக்கிறவனிடம் கேட்டால் கேள்வி கேட்பான். அதனால் இல்லாதவனிடம் கேட்டார்கள். ரேஷன் கடையில் ஸ்டேடிய நிதி டிக்கெட் வாங்கினால்தான் மண்ணெண்ணெய். டிக்கெட்டில் ஓர் ஆள் காலை விரித்துக்கொண்டு ஓடுகிற படம்.

"யாருக்கா இவன்? இப்பிடித் தலதெறிக்க ஓடுறான்?" என்றாள் மேரிசெல்வி.

"நம்ம காசத் தூக்கிக்கினு ஓடுறான்டி. புடிக்கிறதுக்குள்ள மண்ணெண்ணெய வாங்கு."

பிறகு ஒரு நாள் செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் லாரி வந்து நின்றது. தொட்டிக்கு இடம் மாற்றுகிறோம், கல்லை ஏற்றுங்கள், கூலி உண்டு என்றார்கள். இன்னும் கிட்டத்தில் கட்டப் போகிறார்கள் என்று நினைத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே தலையில் தூக்கி ஏற்றினார்கள். விருத்தாம்பாள் கல் உடையாமல் இருக்க வைக்கோல்கூடப் போட்டுக் கொடுத்தாள். தன் வீட்டுக்கு வந்த திருடனுக்கு அவளே மூட்டை கட்டிக் கொடுத்திருக்கிறாள். அது அப்போது அவளுக்குத் தெரியாது.

ஐப்பசியில் உப்பு வேலை நின்றுவிடும். மழைக்காலம் முழுக்க அளத்துச் சனம் கையைக் கட்டிக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டியதுதான். அது தெரிந்துதான் தட்சணாமூர்த்தி ஆள் அனுப்பினார். ஸ்டேடியத்துத் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும், மெஷின் வைத்தால் செலவு, நீங்கள் வாருங்கள் என்று. பெண்கள் லாரி ஏறிப் போனார்கள். பாயும், அங்கே டீ விற்கட்டும் என்று, டீத் தூக்கோடு தன் மகனைக் கூடவே ஏற்றிவிட்டார்.

ஸ்டேடியத்தில் இறங்கியதும் விருத்தாம்பாள் முதலில் பார்த்தது பெரிய மனிதர்கள் உட்கார எழும்பிக்கொண்டிருந்த மேடையை. இன்னும் பூசாத சுவர். வரிசை வரிசையாக மீன்.

நேராகத் தட்சணாமூர்த்தியிடம் போனாள். "ஏங்க, இது எங்க தொட்டிக் கல்லாச்சே?"

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ஆமாம்மா. அவசரத்துக்கு மாத்திக்கிட்டோம். பொதுப் பணம்னா ஒரே குடும்பம் மாதிரி. மூத்தவன் சட்டைய சின்னவன் போட்டுக்கறதில்லியா?"

"மூத்தவன் அம்மணமா நிக்கிறானே, அது பரவால்லியா?"

சுற்றி நின்ற கொத்தனார்கள் சிரித்துவிட்டார்கள். தட்சணாமூர்த்தியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தூண்டில் போட்டார். "இதோ பாரும்மா, தொறப்பு விழாவுக்கு மெட்ராஸ்லேருந்து பெரிய அதிகாரி வர்றாரு. தரைய அவர் அசந்து போற மாதிரி போட்டுக் குடு. அவர் வாயாலியே உன் தொட்டிக்குப் பணம் சொல்ல வெக்கிறேன். புது கல்லு, பெரிய தொட்டி. தரை உன் பொறுப்பு, தொட்டி என் பொறுப்பு."

தொட்டி என்ற சொல் காதில் விழுந்தால் விருத்தாம்பாளுக்கு மற்ற எதுவும் விழாது. சரி என்றாள்.

டவுன் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது. "இது பிட்டு மாதிரி இருக்குது. இதுல இன்னா மிதிக்கிறது? எங்க அளத்துக் களிமண்ணக் கொண்டாங்க." களிமண் சும்மா கிடைக்கும் என்றதும் தட்சணாமூர்த்திக்கு முகம் மலர்ந்தது. லாரி லாரியாக வந்து கொட்டியது. வந்தவர் போனவரிடமெல்லாம் அதைப் பெங்களூரிலிருந்து வரவழைத்த ஸ்பெஷல் மண் என்று சொன்னார். பெங்களூர் லாரி வாடகை யார் தலையில் விழுந்திருக்கும் என்பதை மண்ணெண்ணெய் வாங்கியவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

அப்புறம் மிதித்தார்கள் பாருங்கள். விருத்தாம்பாள் தன் ஆயுசில் அப்படி மிதித்ததில்லை. ஒவ்வொரு மிதியும் தொட்டிக்கு என்று மிதித்தாள். யாராவது சலித்துக்கொண்டால், "பொன்னம்மாவ நெனச்சிக்கினு மிதிங்கடி" என்று அதட்டினாள். கயிறு கட்டி மட்டம் பார்த்தாள். சுற்றிலும் அளத்து வழக்கப்படி ஒரு சின்ன வரப்பும் எடுத்துவிட்டாள். வரப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க அங்கே இன்ஜினீயர் இருந்தால்தானே? இன்ஜினீயருக்கும் சேர்த்துத் தட்சணாமூர்த்தியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முடித்த அன்று தரை கண்ணாடி மாதிரி கிடந்தது.

"ஒரு சொட்டு கீழ எறங்கட்டும், என் பேர மாத்திக்கிறேன்" என்றாள் விருத்தாம்பாள்.

அவள் பெயர் இன்றைக்கும் விருத்தாம்பாள்தான்.

கார்த்திகையில் மழை பிடித்தது. விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. மூன்றாம் நாள் மழை விட்டபோது ஸ்டேடியம் ஏரியாக இருந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. வரப்பு இருந்ததால் வெளியேயும் போகவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வாழைத்தண்டைக் கட்டித் தெப்பம் விட்டார்கள். எவனோ ஒரு போக்கிரி வாசலில் நீலப் பெயிண்டில் ஒரு பலகையும் எழுதி மாட்டிவிட்டிருந்தான்: 'படகு வாடகைக்குக் கிடைக்கும். நீச்சல் தெரியாத ஓட்டக்காரர்கள் உள்ளே வரக்கூடாது.' டவுனே வந்து நின்று சிரித்தது. விழா தள்ளிப்போனது.

மீதிக் கூலிக்காக அன்றைக்குத்தான் பெண்கள் போனார்கள். கேட்டுக்கு உள்ளே தட்சணாமூர்த்தி, வெளியே இவர்கள்.

"சதி பண்ணிட்டீங்கடி! வேணும்னே பண்ணிட்டீங்க!"

"யோவ், தண்ணி நிக்காத தரை வேணும்னு ஒரு வார்த்த சொன்னியா நீ? கெட்டியா மிதின்ன. மிதிச்சோம்."

"ஸ்டேடியத்துல தண்ணி நிக்கக் கூடாதுன்னு சொல்லணுமா? சோறு வெக்கிறவகிட்ட கல்லு போடாதன்னு சொல்லணுமா?"

விருத்தாம்பாளுக்கு அது நெஞ்சில் தைத்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்த தண்ணீரைப் பார்த்தாள். தரையென்றால் தண்ணீரைத் தாங்குவது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். வேறு மாதிரி ஒரு தரை உலகத்தில் இருக்கும், அதில் மனிதர்கள் வெறும் ஓட்டத்துக்காக ஓடுவார்கள் என்று அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சரி, கூலிய விடு. தொட்டி?"

"தொட்டியா? உனக்குத் தொட்டியா? அதான் இங்கியே கட்டிட்டியே! போய்க் குடி!"

குடிக்கிற தண்ணீருக்கென்று வைத்திருந்த பணத்தைத் தின்றவன், குடி என்று சொன்னான். போலீஸ்காரர் ஒருவர் தடியால் கேட்டைத் தட்டி, "கெளம்புங்க, கெளம்புங்க" என்றார். விருத்தாம்பாள் அழவில்லை. மேரிசெல்வி அழவில்லை. அங்கே யாருமே அழவில்லை.

ஊருக்குத் திரும்பி பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தாள். "பாய், தப்பு என்னுதுதான். நானே கேட்டிருக்கணும். ஆனா ஒண்ணு புரியல. வெளையாட்டுத் தரை போடத் தெரிஞ்சவன் நாட்டுல இல்லியா? என்ன எதுக்குக் கூப்டான்?"

பக்கீர் முஹம்மது டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்தார். "கூலி கம்மி இல்லியா தங்கச்சி, அதுக்குத்தான். ஹராம் காசுல கட்டுறவன் அதுலயும் மிச்சம் புடிக்கத்தான் பாப்பான். நீ குடி."

தை மாதம் தேர்தல் நடந்தது. ஆட்சி வந்தது. தட்சணாமூர்த்தியின் வேட்டிக்குக் கரையும் வந்தது. பழைய அடிக்கல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பெயரோடு ஒரு கல் நட்டார்கள்; அதற்கும் பொதுப் பணம்தான். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்ததாக டவுன் பூராவும் பேச்சு. மோட்டாரைப் பார்த்தவர்தான் யாரும் இல்லை. தண்ணீரைக் குடித்தது வெயில். குடித்து முடித்ததும் அளத்துக் களிமண் தன் புத்தியைக் காட்டியது. சித்திரையில் ஸ்டேடியம் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

அதற்குள் விழா நாள் குறித்தாகிவிட்டது. அமைச்சர் ஒருவர் வருகிறார். கூட்டம் காட்ட ஆள் வேண்டும். அளத்துக்கே லாரி வந்தது. வந்தால் பிரியாணிப் பொட்டலம். பெண்கள் காறித் துப்பினார்கள். விருத்தாம்பாள் மட்டும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள்.

"இன்னாக்கா, பிரியாணிக்கா போற?" என்றாள் மேரிசெல்வி.

"நம்ம தரைய நாமளே பாக்கலன்னா எப்பிடி? ஏறுங்கடி."

அமைச்சர் மைதானத்தில் கால் வைத்தார். சுற்றிப் பார்த்தார். "இது இன்னாய்யா, எல்லாம் வெள்ளையா இருக்குது?"

"சுண்ணாம்புங்க தலைவரே" என்றார் தட்சணாமூர்த்தி. "ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போட்டிருக்கு."

"மைதானம் பூராவுமா கோடு?"

கயிற்றுக்கு இந்தப் பக்கம் முன்வரிசையில் நின்ற விருத்தாம்பாள் குனிந்து தரையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அந்தத் தொண்டைக்கு மைக் தேவையில்லை.

"உப்புங்க! நல்ல உப்பு! பிரியாணில கம்மியா இருந்துதுன்னா தொட்டுக்கலாம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அமைச்சர் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா நீ?"

"இந்தத் தரைய மிதிச்சவங்க. மண்ணு எங்க அளத்து மண்ணு. நீங்க ஏறி உக்காரப் போற மேடை எங்க குடிதண்ணித் தொட்டிங்க. நல்லா உக்காருங்க. எங்களுக்கு நாக்கு வறண்டாலும் பரவால்ல, உங்களுக்கு வேர்க்கக் கூடாது."

சிரிப்பு நின்றுவிட்டது. அமைச்சர் தட்சணாமூர்த்தியைப் பார்த்தார். தட்சணாமூர்த்தி தன் புதுக் கரையைப் பார்த்தார். மேடையேறியதும் அமைச்சர் மைக்கில், "உப்பளத் தாய்மார்களின் குடிநீர்க் கோரிக்கை கனிவோடு பரிசீலிக்கப்படும்" என்றார். கைதட்டினார்கள். மேளம் அடித்தார்கள். பலூன் விட்டார்கள். ஓட்டப்பந்தயத்தில் ஓடிய பையன் பாதியில் வழுக்கி விழுந்தான்.

கூட்டம் கலைந்தது. கார்கள் போயின. லாரி டிரைவர் அசோகன் ஆளை எண்ணிக்கொண்டிருந்தபோது, விருத்தாம்பாள் மேடைக்குப் பின்னால் போய் நின்றாள். கட்டி மிஞ்சின செங்கல் அங்கே அடுக்கி இருந்தது. மீன் முத்திரை. வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டினாள்.

"அசோகா, வண்டிய ரிவர்ஸ் எடு."

"எதுக்குக்கா?"

"அன்னிக்கி ஏத்துன கைதான், இன்னிக்கும் ஏத்தும். எடு நீ."

"அக்கா, என் வேல போயிடும்!"

"கேட்டா, பொதுப் பணம் ஒரே குடும்பம்னு சொல்லு. சின்னவன் சட்டையக் கழட்டி மூத்தவனுக்குப் போடுறோம்னு சொல்லு."

பட்டப்பகலில், பூ மாலைகள் கிடந்த இடத்தில், பெண்கள் வரிசை கட்டிக் கை மாற்றிக் கல்லை லாரியில் ஏற்றினார்கள். வாட்ச்மேன் ஓடி வந்தார். மேரிசெல்வி அவர் கையில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தை வைத்து உட்கார வைத்தாள். தட்சணாமூர்த்தி பிற்பாடு போலீஸுக்குப் போகவில்லை. எப்படிப் போவார்? என் கல்லைக் காணோம் என்றால், அது யார் கல் என்று கேட்பார்களே.

கொத்தனார் கலியபெருமாள் கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தார். பாய் தன் கடை வாசலுக்கு வைத்திருந்த சிமெண்டைக் கொடுத்தார். அடித்தளத்துக் களிமண்ணை விருத்தாம்பாள் யாரையும் விடாமல் தானே மிதித்தாள். பஞ்சாயத்துக் குழாயிலிருந்து ஹோஸ் போட்டு நிரப்புகிறார்கள். தொட்டி சின்னதுதான். சொட்டு ஒழுகுவதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து காலைக் கழுவுகிறார்கள். அமைச்சரின் கனிவு இன்னும் பரிசீலித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்டேடியத்தில் இப்போது ஆடு மேய்வதில்லை. புல் முளைத்தால்தானே மேய? உப்பை நக்க மட்டும் வருகின்றன. மண்ணெண்ணெய்க்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஓடுகிற ஆளின் படம் மிச்சம்.

இவ்வளவையும் எழுதியவன் பாய் மகன் தௌபீக். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டுவிட்டு டீத் தூக்கைப் பிடித்தவன். எழுதி முடித்து, தொட்டியோரத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த விருத்தாம்பாளுக்குப் படித்துக் காட்டினான். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டாள்.

"மூணு லாரி உப்பா? ஒரு மொறம் தேறாதுடா. கூசாம அளக்கிற."

"கதைன்னா கொஞ்சம் தூக்கி எழுதணும் அத்தே."

"தூக்குறது தூக்கிட்டுப் போ. கேட்டாண்ட யாருமே அழுவலன்னு எழுதியிருக்கியே, அது இன்னா? டீத் தூக்க வெச்சிட்டு, செவுத்துப் பக்கம் திரும்பிக்கினு தேம்பித் தேம்பி அழுதது யாரு?"

தௌபீக்குக்குக் காது சிவந்துவிட்டது. "யார் அழுதாங்க? அது, கண்ணுல பெயிண்டு பட்டு எரிஞ்சிது."

விருத்தாம்பாள் தண்ணீரில் வைத்த காலை வெளியே எடுத்தாள்.

"எந்தப் பெயிண்டு?"